எடுத்துவிட்ட ஒன்பது பக்கம்

பதினோராவது கிராஸ் பதிப்பகம் வெளியிட்ட முதல் புத்தகத்தை, அதைப் பதிப்பித்த பிரிஜெட் முழுதாகப் படித்திருக்கவில்லை. இரண்டு வருடம் இந்த விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பதிப்பகம் தொடங்கிய கதை சாதாரணமானது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த டி.டி.பி. சென்டரில் பிரிஜெட் வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, சர்ச் நோட்டீஸ், துணிக்கடை பில் புத்தகம், தேர்தல் வந்தால் துண்டுப் பிரசுரம். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் அடிப்பாள். 1995இல் ஒரு நாள் சேஷகிரி அங்கே படியேறி வந்தார். மல்லேஸ்வரத்துக்காரர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். கன்னடத்திலிருந்து எட்டுக் கதைகளைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். சென்னையில் நான்கு பேருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, ஒருவரும் கண்டுகொள்ளாததால், தானே அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று வந்திருந்தார்.

மூன்றாம் நாள் புரூஃப் வாங்க வந்தவரிடம் பிரிஜெட் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினாள். "சார், ஆறாவது கதையில அந்தப் பெண்ணு முதல்ல வலது கையில வளையல் போட்டிருக்கா, கடைசியில இடது கைன்னு வருது. ரெண்டு இடத்துல வாக்கியமும் முடியல."

சேஷகிரி தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வருஷமா இதைத் திருப்பித் திருப்பிப் படிச்சிண்டிருக்கேன். எனக்குத் தெரியலையே! நீங்க எதுவரைக்கும் படிச்சேள்?"

"பத்தாவதுதான் சார்."

அங்கே ஆரம்பித்தது. தன் கதைகளை அச்சடிப்பது பிறகு ஆகட்டும், பெங்களூரில் தமிழ் எழுதுகிற எவனுக்கும் போய் நிற்க ஓர் இடமில்லை, நாமே ஒன்று தொடங்கினால் என்ன என்றார். அவர் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது, லேசர் பிரிண்டர் வந்தது. பிரிஜெட் சிவாஜிநகர் வேலையை விட்டாள். வீடு இருந்த தெருவின் பெயரையே பதிப்பகத்துக்கு வைத்தார்கள். 91 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, தமிழர்களுக்கு ஊர் இருந்த இருப்பு இருவருக்கும் மறக்கவில்லை. அதனால் பெயர்ப்பலகையில் கன்னடம் மேலே பெரிதாகவும் தமிழ் கீழே சின்னதாகவும் இருந்தது. சேஷகிரி அதைப் பார்த்துப் பார்த்து வருத்தப்படுவார். பிரிஜெட்டுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எதையாவது கொஞ்சம் மறைத்து வைத்துக்கொண்டு வாழ்வது அவளுக்கு ஏழு வயதிலிருந்தே பழக்கம்.

யார் ஊர் கேட்டாலும் "விவேக் நகர்" என்பாள். அது பொய்யில்லை. குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி அவளும் அம்மா எலிசபெத்தும் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்தார்கள். அதற்கு முன்னால் எங்கே என்றுதான் யாரிடமும் சொன்னதில்லை. 'வந்துகினு', 'சொல்லிகினு' என்று அம்மா இன்னும் பேசுவதைக் கேட்டால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, வீட்டுக்கு யாரையும் அழைக்கமாட்டாள். தன் நாக்கிலிருந்து அதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே உதறியிருந்தாள்.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில். 1968இல் அதே லைனில் கோவிந்தன் என்பவர் தங்கம் ஓடிய ஒரு கல்லைச் சாப்பாட்டு கேரியரின் அடித்தட்டில் வைத்து வெளியே கொண்டுவரும்போது பிடிபட்டார். வேலை போனது, ஜெயிலுக்குப் போனார், குடும்பத்தை வீட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். போட்டுக்கொடுத்தது தாஸ் என்று லைன் முழுக்கப் பேச்சு. தாஸ்தான் பிரிஜெட்டின் அப்பா. முந்தின நாள் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், பலர் பார்த்திருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிரிஜெட் பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஒரு வருடம் தாங்கிப் பார்த்துவிட்டு அப்பா குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்துவிட்டார். மார்க்கெட்டில் மூட்டை கட்டும் வேலை செய்தார். 84இல் இறந்துபோனார். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த விஷயத்தைப் பற்றி அவளும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அப்பா செய்திருப்பார் என்றே அவள் நம்பினாள்.

அய்யாவு என்பவரின் கையெழுத்துப் பிரதியை 1996இல் சேஷகிரிதான் பிடித்துக்கொண்டு வந்தார். அல்சூரில் ஏதோ கூட்டத்தில் சந்தித்தாராம். தங்கவயலில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பௌத்தர், சின்னச் சின்ன எழுத்தில் முந்நூறு முழுத்தாள் எழுதி டேக் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார் என்றார். "பிரிஜெட், இதான் நம்ம முதல் புஸ்தகம். நாலு பக்கம் படிச்சேன். சுரங்கத்துக் கூண்டுல ஏறி நாமளே கீழ இறங்கற மாதிரி இருக்கு."

பிரிஜெட் அந்தக் கட்டை வாங்கி மேஜையில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை.

மறுவாரம் அய்யாவு தங்கவயலிலிருந்து வரும் மாரிகுப்பம் பாசஞ்சரில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினார். சுரங்கத் தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டிருந்தது. அவர் முகம் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. அவருக்கும் அவளைத் தெரியவில்லை.

"நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"விவேக் நகருங்க."

"புரூஃப் அனுப்பறோம், நீங்க ஒரு தடவை பார்த்துடுங்கோ" என்றார் சேஷகிரி.

"கண்ணுல புரை விழுந்துகீது சார். எழுதி முடிச்சதே பெரிய விஷயம். இந்தப் பொண்ணு பாத்தா போதும்."

பிரிஜெட் இரண்டு மாதம் அடித்தாள். பயந்துகொண்டே தொடங்கியவளுக்கு முதல் வாரத்திலேயே பயம் போய்விட்டது. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். பாறை வெடித்து மூன்று பேரோடு அகப்பட்டுக்கொண்ட நாள், ஷிஃப்டு முடிந்து மேலே வந்து வெளிச்சத்தைப் பார்த்ததும் தும்முகிறவர்கள், பூமிக்கு மேலே விளக்கு அறையில் வேலை கிடைத்த பிறகு எந்த விளக்கு திரும்பி வரவில்லை என்று எண்ணுகிற மாலைகள். அடிக்க அடிக்க அவளுக்கே மறந்துபோன வாசனைகள் எல்லாம் திரும்ப வந்தன.

பதினான்காம் அத்தியாயம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. தலைப்பு 'கேரியர்'. முதல் தாளை எடுத்து கிளிப்பில் மாட்டினாள்.

'எங்கள் லைனில் ஏழாம் நம்பர் வீட்டில் தாஸ் என்று ஒருவர் இருந்தார். இவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று லைனே சொல்லிற்று. கோவிந்தனின் குடி கெட்டதற்கு இவரே காரணம் என்று இவர் வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள்...'

அதற்கு மேல் படிக்கவில்லை. அந்தச் சாணியை அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவியதும், தான் கதவுக்குப் பின்னால் நின்றதும் கண்முன் வந்தது.  தாள்களைப் புரட்டி அத்தியாயம் எங்கே முடிகிறது என்று மட்டும் பார்த்தாள். ஒன்பது தாள். டேக்கை அவிழ்த்து அந்த ஒன்பதையும் உருவி, பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டிக்கு அடியில் தெர்மோகோலுக்குக் கீழே செருகினாள். பதினைந்தாம் அத்தியாயத்துக்குப் பதினான்கு என்று எண் போட்டு அடிக்கத் தொடங்கினாள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

சேஷகிரி புரூஃப் படிக்கும்போது கேட்டார். "பதிமூணுக்கும் பதினாலுக்கும் நடுவுல என்னமோ தாண்டிப் போறாப்ல இருக்கே? ஏதாவது விட்டுப்போச்சா?"

"அவரே ஒரு அத்தியாயத்த எடுத்துடச் சொன்னார் சார்."

"எப்போ?"

"போன் பண்ணியிருந்தார். நீங்க வெளிய போயிருந்தீங்க."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அவள் சொன்னால் அவருக்கு மறுபேச்சில்லை. அன்று பிரிஜெட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீ போட்டுக்கொடுக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றாள்.

'கூண்டு இறங்கும் நேரம்' 1997 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளியானது. ஹால் நிறைந்திருந்தது. தங்கவயலிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று பிரிஜெட் பின்வரிசையில் தூணோரமாக நின்றுகொண்டாள். அய்யாவு மேடையில் முதல் பிரதியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பொருளடக்கத்தைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. மறுபடி மேலிருந்து வந்தது. அதே இடத்தில் நின்றது. பிறகு நிமிர்ந்து ஹாலில் அவளைத் தேடினார். தூணோரம் நின்றவளைக் கண்ணைச் சுருக்கிக் கண்டுகொண்டதும், அவள் எதிர்பார்த்தபடி கோபப்படவில்லை, எழுந்து கேட்கவுமில்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஏற்புரையில் இரண்டே வரி பேசிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தத் தலைகுனிவை வைத்துக்கொண்டு பிரிஜெட் பல நாள் தவித்தாள். விஷயம் தெரிந்து அவர் தன்னை மன்னித்துவிட்டார் என்று ஒரு நாள் தோன்றும். நாளைக்கே வந்து கேட்கப்போகிறார் என்று இன்னொரு நாள் தோன்றும்.

அவர் வரவில்லை. புத்தகம் ஓடியது. இப்படி உண்மையாக யாரும் எழுதியதில்லை என்று எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. அந்தப் புத்தகத்தின் பேரில்தான் அடுத்தடுத்து ஆட்கள் தங்கள் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு பதினோராவது கிராஸுக்கு வந்தார்கள். சேஷகிரியின் மொழிபெயர்ப்புக் கதைகளும் ஒருவழியாக வெளிவந்தன. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் இன்னொரு பதிப்பகத்தோடு பாதி ஸ்டால் போட்டார்கள். அங்கே ஒரு பத்திரிகைக்காரர் பிரிஜெட்டைப் பேட்டி எடுத்தார். "எடிட்டிங் எந்த அளவுக்குச் செய்வீங்க?" என்று கேட்டார். சேஷகிரி முந்திக்கொண்டு, "இவங்க கை பட்டா எழுத்தாளனோட ஒரு வார்த்தை வீணாகாது. ஒரு வரி விடாம மூணு தடவை படிப்பாங்க" என்றார். பத்திரிகையில் அதையே தலைப்பாகப் போட்டு அவள் படத்தையும் போட்டிருந்தார்கள். அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பிரிஜெட் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமல் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

1999 ஆரம்பத்தில் முதல் பதிப்பு தீர்ந்துபோனது. இரண்டாம் பதிப்பு போடப்போவதாகச் சேஷகிரி கடிதம் எழுதியிருந்தார். ஒரு வாரம் கழித்து அய்யாவு நேரிலேயே வந்தார். அன்று சேஷகிரி வீட்டில் இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கிவிட்டு, உள்ளே வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"இன்னும் எத்தினி நாளுன்னு தெரியலம்மா. டாக்டரு ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்குத் தெரியுது. அதான் வந்தேன்" என்றார். "அந்த கேரியர் சமாச்சாரம். அத்த நீ எடுத்துட்ட."

பிரிஜெட் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கெயவன் மானம் போவக் கூடாதுன்னுதான எடுத்த? அன்னிக்கு மேடையில பாத்தப்ப எனக்கு இன்னா தோணிச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்திச்சு. முப்பது வருசமா நெஞ்சுல வச்சுகினு இருந்தத எழுதிட்டேன், எழுதினதயும் ஒரு புண்ணியவதி மறைச்சுட்டா, இனி கவலயில்லன்னு. அப்புறம் எல்லாரும் மாலை போட்டாங்க. உண்மைய எழுதினவருன்னு பேசினாங்க. அன்னிலேர்ந்து சோறு எறங்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "இந்தத் தபா அத்த போட்டுடும்மா. தாள் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

"நீ முழுசாப் படிச்சுட்டுத்தான எடுத்த?"

அவர் என்ன சொல்கிறார் என்று பிரிஜெட்டுக்கு ஒன்றுமே புரியவில்லை. அவர் மானம் ஏன் போகவேண்டும்? ஆனாலும் அந்தக் கேள்விக்கு, "ஆமாங்க, படிச்சேன்" என்றுதான் வாய் சொன்னது.

அவரை ஆட்டோ ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். ஒன்பது தாளும் ஓரம் பழுத்திருந்தன. தரையிலேயே உட்கார்ந்து, முதல் தாளின் பாதியிலிருந்து படித்தாள்.

'...சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். ஊற்றியவர்களில் நானும் ஒருவன். ஆனால் தாஸ் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவருடைய சம்சாரத்துக்குப் பிரசவத்தில் குழந்தை இறந்துபோய், அவர் லீவு கேட்டு எழுதியிருந்தார். அதற்காகவே அன்று அவரை ஆபீசுக்கு அழைத்தார்கள். காட்டிக்கொடுத்தவன் நான். பாறை வெடித்துப் பிழைத்த பிறகு எனக்குக் கூண்டில் ஏறினாலே கால் நடுங்கும். மேலே விளக்கு அறையில் வேலை போட்டுக் கொடுத்தால் ஒரு தகவல் சொல்கிறேன் என்று ஆபீசரிடம் நானாகத்தான் போய்ச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து அந்த வேலை கிடைத்தது. யாரும் சந்தேகப்படவில்லை. தாஸ் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய்த் தன் பிள்ளைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். என் வீட்டு வாசலுக்கும் வந்தார். நான் கதவைச் சாத்தினேன்...'

தன் பிள்ளைமேல் கைவைத்து. பிரிஜெட்டுக்கு ஞாபகம் வந்தது. உச்சந்தலையில் அப்பாவின் கனத்த கை. வீடு வீடாக அவர் ஏன் தன்னை இழுத்துக்கொண்டு போகிறார் என்று அன்று தெரியவில்லை. யாராவது பார்க்கப்போகிறார்களே என்று கையைத் தட்டிவிட்டு ஓடிவந்திருக்கிறாள்.

மீதித் தாள்களையும் படித்தாள். படித்து முடித்தபோது அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. ஒரு மனிதர் முப்பது வருடம் கழித்துத் தன் அப்பா நிரபராதி என்று கைப்பட எழுதிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதைத்தான் அரைத்தாள் படித்துவிட்டுத் தெர்மோகோலுக்கு அடியில் செருகியிருக்கிறாள். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட மூன்று தடவை புரூஃப் பார்ப்பவள்.

மறுநாள் காலை மாரிகுப்பம் பாசஞ்சரில் ஏறினாள். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த ஊருக்குப் போகிறாள். தங்கம் பிரித்தெடுத்து மிஞ்சிய சயனைடு மண்மேடுகள் அப்படியே இருந்தன. லைனுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, கால் தானாகப் போனது.

அய்யாவு கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் திகைத்தார்.

"ஏம்மா, போட முடியாதுன்னுட்டாரா சாரு?"

"இல்லீங்க. நேத்து நான் பொய் சொல்லிட்டேன். அத்த நான் படிக்கவேயில்ல. அரைப்பக்கம் படிச்சுட்டு எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன்." எத்தனையோ வருடத்துக்கு முன் உதறிய பேச்சு அவளை அறியாமல் வாயில் வந்தது. "எங்கப்பா பேரு அதுல இருந்திச்சு. அதான் எடுத்தேன். நான் தாஸ் பொண்ணு. ஏழாம் நம்பரு வூடு."

 அய்யாவு கட்டிலிலிருந்து காலை இறக்கி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு கையையும் கூப்பினார்.  "நீயாம்மா? உன் கையிலயா கொண்டாந்து குடுத்தேன்?"

"கும்புடாதீங்க" என்றாள் பிரிஜெட். "உங்கமேல கோவப்படணும்னுதான் ரயில்ல நெனச்சுகினே வந்தேன். வரல. லைன்ல எல்லாரும் அவர நம்பல, சரி. நான் பொண்ணு. நானும் நம்பலியே. செத்து எடுத்தப்பகூட நம்பல."

அவருக்கு இருமல் வந்தது. அவர் மருமகள் வந்து முதுகைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

"அவங்களுக்குப் படிச்சுக் காட்டு. என்னால வந்து நிக்க முடியாது. நின்னாலும் மூஞ்சியப் பாக்க முடியாது."

அன்று சாயங்காலமே விவேக் நகர் வீட்டில், அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது, பிரிஜெட் எதிரே உட்கார்ந்து ஒன்பது தாளையும் ஒரு வரி விடாமல் படித்தாள். எலிசபெத் முறத்தைக் கீழே வைக்கவில்லை. அய்யாவுவின் பெயர் வந்த இடத்தில் மட்டும் ஒரு நிமிஷம் கை நின்றது.

படித்து முடித்ததும், "அவனா?" என்றாள். பிறகு, "உங்கப்பா செய்யலன்னு எனக்குத் தெரியும். அது யாருன்னுதான் தெரியாது" என்றாள்.

"தெரியுமா? எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்கப்பாதான் வேணாம்னாரு. அவளா வந்து கேக்கட்டும், கேட்டா சொல்றேன்னாரு. தெனம் சாப்பிட்டுட்டு உன்னப் பாத்துகினே உக்காந்திருப்பாரே, ஞாபகம் இல்ல? நீ கேக்கவே இல்லியே." குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

பிரிஜெட்டால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. எழுந்து தெருக்கோடி வரை போய், எங்கே போவதென்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

சேஷகிரியிடம் சொன்னதுதான் இதில் எளிதாக முடிந்தது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "ஒரிஜினலை எடுத்து ஒத்துப் பார்த்திருக்கணும் நான். நீங்க சொன்னேள்னு விட்டுட்டேன். பிரசுரகர்த்தர்னு என் பேரும்தானே போட்டிருக்கு" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

இரண்டாம் பதிப்பு மார்ச்சில் வந்தது. பதினான்காம் அத்தியாயம் இருந்தது. முன்னால் ஒரு பக்கப் பதிப்பாளர் குறிப்பில், முதல் பதிப்பில் இந்த அத்தியாயத்தைப் படிக்காமலே தான் நீக்கியதையும், தாஸ் தன் தகப்பனார் என்பதையும், ஆசிரியரிடமும் பங்குதாரரிடமும் பொய் சொன்னதையும் பிரிஜெட் எழுதியிருந்தாள். கொஞ்சம் மென்மையாக மாற்றலாமே என்று சேஷகிரி சொல்லியும் மாற்றவில்லை. அய்யாவு புத்தகத்தைப் பார்த்துவிட்டார். லைனில் பாதிப் பேர் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். பல்லாண்டு சேர்ந்து வேலை பார்த்த சிநேகிதர்கள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மருமகள் அதை எழுதியிருந்தாள். கூடவே, இப்போது சாப்பிடுகிறார் என்றும் எழுதியிருந்தாள். ஆகஸ்டில் அவர் காலமானார்.

அடுத்த மாதம் ஓசூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கே வரி. 'நான் கோவிந்தனின் மகள். உங்கள் தகப்பனார் பேரைச் சுத்தம் செய்துகொண்டீர்கள். சந்தோஷம். என் தகப்பனார் திருடினது ஊரெல்லாம் மறந்திருந்தது. அச்சில் போடுமுன் எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?'

பிரிஜெட் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அய்யாவுவிடம் போனாள், அம்மாவிடம் சொன்னாள், சேஷகிரியிடம் சொன்னாள். கோவிந்தனுக்கு ஒரு குடும்பம் இருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. குடும்பத்தை வீட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. அந்த வரியை அவள்தான் அடித்தாள், அவள்தான் மூன்று முறை புரூஃப் பார்த்தாள்.

மறுநாள் ஓசூர் பஸ் ஏறினாள். கோவிந்தனின் மகள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தார். ஏறக்குறைய அவள் வயதுதான். யார் என்று சொன்னதும், "உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினார். மெஷினை நிறுத்தவில்லை.

"கேக்காம போட்டது தப்புங்க" என்றாள் பிரிஜெட். "எனக்கு எங்கப்பா மட்டுந்தான் தெரிஞ்சார். விக்காம இருக்கற புத்தகத்துல அந்தப் பக்கம் வர்ற ஃபாரத்தப் பிரிச்சு, உங்கப்பா பேர மாத்தி அடிச்சுச் சேக்கச் சொல்றேன். இனிமே வர்றதுலயும் பேரு இருக்காது."

"வித்தது?"

பிரிஜெட் அதை யோசித்திருக்கவில்லை.

"என் பொண்ணு காலேஜு படிக்கிறா. இங்க இருக்கற லைப்ரரிலேர்ந்து எடுத்தாந்தா. எங்க தாத்தா ஊரு புஸ்தகம்னு ஆசையா எடுத்தாந்தா." அந்த அம்மாள் துணியைத் திருப்பிப் போட்டார். "எங்கப்பா வேற வேல தேடி இங்க வந்துட்டாருன்னுதான் அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன். படிச்சு முடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டா. என்ன ஒண்ணுமே கேக்கல. பதினைஞ்சு நாளாச்சு. எப்பவும் போல சிரிக்கிறா, பேசுறா. அதுதான் தாங்க முடியல எனக்கு."

"அவ கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க" என்றாள் பிரிஜெட். சொல்லும்போதே இந்தப் பெண்மணிக்குப் புத்தி சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீங்களே கூப்ட்டு உக்கார வச்சு சொல்லிடுங்க. எங்கப்பா பதினைஞ்சு வருசம் காத்திருந்தார். நான் கேக்கல."

மெஷின் நின்றது. கோவிந்தனின் மகள் முதல்முறையாக நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். கோபம் குறைந்திருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"அஞ்சு மணிக்கு வருவா" என்றார். "நீங்க போயிடுங்க. நான் பேசிக்கிறேன்."

பிரிஜெட் எழுந்தாள். மணி நாலரைதான் ஆகியிருந்தது. தெருவில் இறங்கி, எதிரே வரும் காலேஜுப் பெண்கள் முகத்தைப் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தாள்.